எண்பது என்று போட்ட கோலம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. நான் இதற்குள் விழுந்தேன். ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், மண்டபத்தைத் தேடித் தெருவுக்குள் திரும்பி, புதிதாகத் தோண்டிய வாறுகாலில், அதாவது வடிகாலில், இடுப்பளவு இறங்கிவிட்டேன். கைகொடுத்துத் தூக்கியவள் பரிபூரணம். என் பட்டுவேட்டியைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்புக்காகவே எழுத உட்கார்ந்தேன். (இடுப்பளவு என்பது மிகை. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே.)

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதினேன்.

"ஐப்பசி வானம் கருத்திருந்தது, பரிபூரணத்தின் நெஞ்சும்—" வேண்டாம்.

"மழைநீர் வடிகால் என்பது ஒரு நகரத்தின்—" இது கட்டுரை.

உள்ளதையே சொல்லிவிடுகிறேன். பரிபூரணம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வீடு தெருவின் தாழ்ந்த கோடியில், பதினேழாவது. ஐப்பசி பிறந்தால் தெருத்தண்ணீர் முழுக்க அங்கேதான் விருந்தாட வரும். மகள் மாரிசெல்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். தலைப்பிரசவம், அதுவும் ஐப்பசிக் கடைசியில். தாய்வீட்டுக்கு அனுப்பச் சம்பந்தியம்மாள் மறுத்துவிட்டாள்.

"பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு தண்ணிக்குள்ளயா கெடப்பா? நாங்களே பாத்துக்கிடுதோம் மதினி."

நியாயமான பேச்சு. இந்த ஆண்டுதான் தெருவின் பழைய வாறுகாலை இடித்துப் புது வடிகால் கட்ட வந்தார்கள். ஐப்பசிக்குள் அது ஒழுங்காக ஓடினால் மகள் வருவாள், இல்லையென்றால் இல்லை.

3

இன்ஜினியர் ராம்குமாரை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். அதற்குத் தோதுப்படாத மனுஷன். லெவல் பார்த்து, எந்த வீட்டு முன்னால் எத்தனை சென்டிமீட்டர் தோண்டவேண்டும் என்று வாசலுக்கு வாசல் சாக்பீஸால் எழுதிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். விடிந்ததும் பெண்கள் வாசல் தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்டுவிடுவார்கள். மேஸ்திரி மாரிச்சாமி வரும்போது எண் இருந்த இடத்தில் புள்ளிக்கோலம் இருக்கும். மூன்று நாள் இதே கூத்து.

(பெயிண்டால் எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். சுவரில் எழுதினார். தீபாவளிக்கென்று முன்கூட்டியே வெள்ளையடித்த சுவர். அவர் வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.)

நான்காம் நாள் பரிபூரணம்தான் சொன்னாள்:

"வாசத் தெளிக்காதீயன்னா ஒருத்தியும் கேக்க மாட்டா சார். நம்பரை எங்ககிட்ட சொல்லிருங்க. கோலத்துலயே போட்டுருதோம்."

"சரிக்கா," என்றார் அவர், வேறு வழியில்லாமல்.

4

மறுநாள் அந்தத் தெருவை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். தாமரைக்குள் ஐம்பது. மயில்தோகையில் ஐம்பத்தைந்து. நஸீபா வீட்டில் கோலம் போடும் வழக்கமில்லை. அவள் அட்டையில் எழுதி, சுற்றிப் பூ வரைந்து, கதவில் தொங்கவிட்டாள். மாரிச்சாமி படித்துப் படித்துத் தோண்டினார். பத்து நாளில் அடிக்கான்கிரீட் போட்டாயிற்று, பக்கச்சுவர்தான் பாக்கி.

"அதுக்கு முந்தி தண்ணி விட்டுப் பாத்துருவோம்," என்றாள் பரிபூரணம். மகள் விஷயத்தில் அவள் கான்கிரீட்டையும் நம்புவதாக இல்லை.

மேட்டுக்கோடியில் ஆளுக்கு ஒரு குடம் ஊற்றினார்கள். தண்ணீர் சலசலவென்று வந்து, பத்தாவது வீட்டு முன்னால் ஒரு பள்ளத்தில் தேங்கிவிட்டது. ராம்குமார் நோட்டைப் புரட்டினார். அந்த வீட்டுக்கு அறுபது. மாரிச்சாமி தோண்டியிருந்தது எண்பது.

"கோலத்துல எண்பதுன்னுதான சார் இருந்துச்சு," என்றார் மாரிச்சாமி.

எல்லாரும் அந்த வீட்டு வெள்ளத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏட்டி, என்னட்டி செஞ்ச?" என்றாள் பரிபூரணம்.

"அடுத்த வீட்டுக்கு அறுபத்தஞ்சு, எனக்கு மட்டும் கொறச்சலா? நாங்களும் வீட்டுவரி கட்டுதோம்ல."

முதலில் சிரித்தது நஸீபா. பிறகு தெருவே சிரித்தது. ராம்குமார் பள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அந்த இருபது சென்டிமீட்டரையும் தூர்க்கக் கலவை சுமந்தவள் வெள்ளத்தாய். மறுபடி குடங்கள். இந்தத் தடவை தண்ணீர் நிற்காமல் கோடிவீட்டையும் தாண்டிக் கண்மாய்ப் பக்கம் போனது. பரிபூரணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் கூடவே ஓடினாள். எழுதும்போது எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

5

முடிவு ஒன்று: பேய்மழையில் வடிகால் உடைகிறது. இதில்தான் இலக்கியத் தரம் இருக்கிறது என்கிறார் நண்பர் ஜெபக்குமார். பரிபூரணத்துக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"தண்ணி விடுறதுக்கு ஒங்களுக்கு வேற வீடே கெடைக்கலையா?" என்றாள். கிழித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: மழையே பெய்யவில்லை. மழையை நம்பி விதைத்திருக்கும் சேத்தூர்ச் சம்சாரிகள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

முடிவு மூன்று: பேரக்குழந்தை அந்த வடிகாலில் காகிதக் கப்பல்— சீ.

6

ஆகவே இதுவரைக்கும் மட்டும் சொல்கிறேன். பக்கச்சுவரும் எழும்பிய பிறகு சம்பந்தியம்மாள் நேரில் வந்து, வாறுகாலைக் கோடிவரை நடந்து பார்த்து, "அனுப்புதேன் மதினி," என்றாள். மாரிசெல்வி வந்து இறங்கிய மூன்றாம் நாள் மழை பிடித்தது. தெரு முழுக்கக் குடையோடு வாறுகால் ஓரத்தில் நிற்கிறது. தண்ணீர் வெள்ளத்தாய் வீட்டைத் தாண்டியபோது யாரோ விசிலடித்தார்கள். பரிபூரணம் அந்தக் கூட்டத்தில் இல்லை. வீட்டுக்குள் மகளின் வீங்கிய காலை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தரை காய்ந்து கிடக்கிறதா இல்லையா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே போய்ப் பாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு மெதுவாகப் போங்கள். மாரிசெல்வி இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள்.