மயிரிழைக் கோடு

அடுகோடி அச்சகத்தில் முதல் தாளைக் கையில் வாங்கியபோது, தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்றுதான் மலர் நினைத்தாள். இல்லை, சரியாகத்தான் பிடித்திருந்தாள். கறுப்புப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டிய, அவள் வரைந்த எழுத்துகளில் தடித்த கோடுகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. ‘ப’ இரண்டு கம்பங்களாக நின்றது. ‘ட’ ஒற்றைக் கம்பம்.

“நாலு கலரும் சேர்ந்த கறுப்பு மேடம்,” என்றார் அச்சகக்காரர் பாலசுப்ரமணியன். “இவ்ளோ மெல்லிசா வெள்ளைக்கோடு விட்டா மசி முழுங்கிடும். ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல.”

கேட்கவில்லை. கறுப்புப் பக்கம் வேண்டுமென்று ஆசைப்பட்டவளே அவள்தான். அவள் எழுத்துருவில் வரவிருந்த பத்திரிகையின் ஆசிரியை சௌம்யாவிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். கணினித் திரையில் அந்தக் கோடுகள் ஒளிர்ந்தன. அதைப் பார்த்தே ஒப்புதல் கொடுத்துவிட்டாள்.

நான்கு வருடம் அந்த எழுத்துருவை வரைந்தாள். தூணாய் இறங்கும் கோடு, அதிலிருந்து மயிரிழையாகப் பிரியும் கோடு, நுனியில் துளி அளவுக்குப் பாதம். மயிரிழையைத்தான் மறுபடி மறுபடி மெலிய வைத்தாள். யாரும் கேட்டு அல்ல. அலுவலகத்தில், உறவினர் நடுவில், விவாகரத்துக்குப் போன நீதிமன்றத்தில்கூட, கொஞ்சம் சத்தமாகப் பேசும்மா என்றே எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் மட்டும் அவளுடைய சன்னம் குறையாக இல்லை. அழகாக இருந்தது.

சௌம்யா போனில் வந்தாள். “ஃபோட்டோ பாத்தேன். எதுவுமே படிக்க முடியலடி.”

“பக்கத்த வெள்ளையாக்கிடலாமா?”

“கவர்லேர்ந்து எல்லாம் அந்தக் கறுப்புக்குன்னே பண்ணினது. நீ கேட்டதாலதான் பண்ணோம். கோட்டத் தடியாக்கு. இல்லன்னா பழைய ஃபான்ட்லயே போட்டுடறேன். உன் இஷ்டம்.”

“ஒரு மணி நேரம் மெஷின நிறுத்தி வெக்கறேன் மேடம்,” என்றார் பாலசுப்ரமணியன். “சொல்பம் தடியாக்குங்க, போதும். வேற பிளேட் போட்டுடலாம்.”

காகிதக் கட்டின்மேல் மடிக்கணினியைத் திறந்தாள். மயிரிழையின் தடிமனுக்கு எட்டு என்றிருந்த எண்ணை அழித்து இருபத்தெட்டு என்று அடித்தாள். எல்லா எழுத்துகளும் ஒரே நொடியில் தடித்தன. நான்கு வருடத்தை அழிக்க இன்னும் கொஞ்சம் நேரமாவது ஆகுமென்று நினைத்திருந்தாள்.

புதுத் தாள் வந்தது. பாலசுப்ரமணியன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் பத்தியைத் தங்குதடையில்லாமல் வாசித்தார். “பாத்தீங்களா, இப்ப எவ்ளோ நல்லா இருக்கு.”

நன்றாகத்தான் இருந்தது. பேருந்து நேரப் பலகையில், மருந்து அட்டையில் எங்கேயும் பார்க்கக்கூடிய எழுத்து. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையும் தான் வரைந்ததாகத் தோன்றவில்லை.

“ஓகே எழுதி ஒரு சைன் போட்டுடுங்க மேடம். அப்பதான் ஓட்டுவோம்.”

பேனாவை வாங்கினாள். முடியாது என்று சொல்லிக் காப்பாற்றவும் இனி எதுவும் இல்லை. தாளின் ஓரத்தில், மசி படாத வெள்ளையில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது.