ஏழாவது ஆட்டமும் ஒரு பழத்தட்டும்

கதிர்காமநாதன் சாரின் மூக்கை உடைக்காமல் மண்ணுக்குள் போகமாட்டேன் என்று மாதா சிலைக்கு முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், என் மகள் ஸ்டெஃபனிக்கும் அவர் மகன் திருக்குமரனுக்கும் பேச்சு எடுத்து, பழத்தட்டோடு அவர் வீட்டுக்குப் போனோம். இதே டுரியான் துங்கால் தாமான் குடியிருப்புதான், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. தெருவே கூடியிருந்த ஹாலில் அந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தட்டை ஒற்றை விரலால் தள்ளினார்.

"தோட்டத்து லயத்தில இருந்து வந்த பிள்ளை எங்கட வீட்டுக்குச் சரிவராது."

பையன் வாயைத் திறக்கவில்லை. கனடாவுக்குப் போய்விட்டான். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த விரல்தான் என் கண்முன் வரும்.

அங்கே மகன் போலார்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியில் பிசியோ வேலைக்குச் சேர்ந்ததும் சாருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருடம் சாம்பியன்ஷிப் தொடரில் போலார்ஸும் லிங்க்ஸும் மோதின. ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தால் கோப்பை. ஆளுக்கு மூன்று ஆகிவிட்டது. எனக்கு ஐஸ் என்றால் கிண்ணத்தில் போட்டுத் தின்கிற ஐஸ் கச்சாங்தான் தெரியும். ஆனாலும் லிங்க்ஸுக்காக முட்டி போட்டு ஜெபமாலை சொன்னேன்.

அங்கே இரவு ஆடினால் நமக்குக் காலை. எல்லாரும் வேலையில் இருப்பார்கள் என்று, சாயங்கால மறுஒளிபரப்புக்குத் தெருவையே கூப்பிடுவார் சார். முடிவு தெரிந்தவர் மூச்சு விடக்கூடாது. கைப்பேசிகளைப் போட வாசலில் ஒரு கூடை வேறு. தானும் காலையிலிருந்து எதையும் பார்க்கவில்லை என்று பீற்றிக்கொள்வார்.

ஏழாவது ஆட்டத்தை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன். நான் வேலை செய்யும் யுனிவர்சிட்டி கேண்டீனில் நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, பையன்கள் போட்ட டிவியில். கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் அடித்து லிங்க்ஸ் ஜெயித்தது, மூன்றுக்கு இரண்டு. அப்பாடா! சம்பல் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ஸ்டெஃபனியை இழுத்துக்கொண்டு போனேன்.

"வேணாம்மா. அந்த வீட்ல பட்டது பத்தாதா?"

"சும்மா வா லா. இன்னைக்கு மானம் போகப்போறது நமக்கு இல்ல."

ஹால் நிறைய ஆட்கள். நடுவில் போலார்ஸ் சட்டையில் சார்.

"என்ன சார், உங்க டீம் ஜெயிச்சிருமா?"

"அதில என்ன சந்தேகம்?"

"தோத்துட்டா?"

அவர் ஸ்டெஃபனியைப் பார்த்தார். "தோத்தால், அண்டைக்குத் தட்டைத் தள்ளிச் சொன்னதுக்கு எல்லாருக்கும் முன்னால இந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேக்கிறன்."

எலி தானாகவே பொறிக்குள் ஏறிவிட்டது. "எல்லாரும் சாட்சி!" என்று கத்தினேன்.

"கேட்டுட்டோம் லா, பிரிஜிட் அக்கா!" என்றான் பக்கத்து வீட்டு மருதமுத்து.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டில் நின்றது. கடைசி நிமிஷம் நெருங்க நெருங்க, நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவர் முகம் கறுத்துப்போவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டும். திடீரென்று சார் எழுந்து அடுப்படிக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் பெரிய தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, திராட்சை, நடுவில் ஒரு சீப்பு வாழைப்பழம். பின்னால் அவர் மனைவி அன்னபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். டிவியில் இன்னும் இரண்டுக்கு இரண்டுதான்.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை, பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளு. எங்கட மகன் இன்னும் உன்னைத்தான் கேக்கிறான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனுஷனும் காலையிலேயே பார்த்திருக்கிறார்! தோற்றது தெரிந்தேதான் வாக்குக் கொடுத்திருக்கிறார். சும்மா மன்னிப்புக் கேட்க வாய் வராமல், ஆட்டத்தைச் சாக்காக வைத்துக்கொண்டார். பாவி, மூன்று வருடம் நெஞ்சில் வைத்து வளர்த்த என் பழியையும் தட்டிப் பறித்துவிட்டாரே!

ஸ்டெஃபனி எழுந்தாள். "மன்னிப்ப வாங்கிக்கிறேன் சார்." பிறகு ஒற்றை விரலால் தட்டைத் தள்ளினாள். "உங்க வீடு எனக்குச் சரிவராது."

என் வயிற்றில் பிறந்தவள்தான்.

டிவியில் அப்போதுதான் அந்தக் கோல் விழுந்தது. யாரும் பார்க்கவில்லை.