உப்புப் பார்த்தவர்

தீவுக்கு வந்த நாளிலிருந்து மாஸ்டர் கடலில் கால் நனைக்கவில்லை. கடலைப் பார்க்கிறார், கடலோரம் நடக்கிறார், அலை கிட்டே வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாங்குகிறார். விடுதியில் மற்றவர்கள் எல்லாம் கண்ணுக்கு மாஸ்க் மாட்டி, வாயில் குழாயைக் கடித்துக்கொண்டு, குப்புற மிதந்து மீன் பார்த்துவிட்டு வந்து கதை கதையாய் அளந்தார்கள். மாஸ்டர் மட்டும் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று தினமும் டிமிக்கி கொடுத்தார்.

"ஆள் உயர அண்டா பக்கத்துலயே காலத்தை ஓட்டின மனுஷன், முழங்கால் தண்ணிக்கு இப்படி நடுங்கறாரே" என்று அவர் மனைவி பக்கத்து அறைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தாள். மாஸ்டரும் கூடச் சிரித்து வைத்தார். பயம் என்னவோ உண்மைதான். ஆனால் அது மூழ்கிப் போய்விடுவோம் என்ற பயம் இல்லை.

விஷயம் இதுதான். பெரிய சாப்பாட்டுக் கடை ஒன்றில் அவர் தலைமைச் சமையல்காரர். அவர் கரண்டியை உள்ளங்கையில் தட்டி, நக்கிப் பார்த்துத் தலையாட்டாமல் எந்தக் குழம்பும் பரிமாறும் இடத்துக்குப் போனதில்லை. மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் போகும்போது மூக்கையும் நாக்கையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. சோறு ஈரப் பஞ்சு, காபி வெந்நீர். மிளகாய் எரிந்தது, அவ்வளவுதான். வரும், ஆனால் வராமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் தாளம் போட்டார். கடை முதலாளி நல்ல மனிதர். "எங்கேயாவது போய் நிம்மதியா இருந்துட்டு வாங்க மாஸ்டர். நாக்கு வந்தா அடுப்பு உங்களுது. வரலேன்னா அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர்தான் அனுப்பி வைத்தார். அந்த 'அப்புறம்' என்ன என்று மாஸ்டருக்குத் தெரியும். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டோக்கன் கிழிப்பது. தான் வளர்த்துவிட்ட பையன்கள் உள்ளே தாளிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிழிப்பது.

தீவில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை. பிடித்த மீனைக் கரையிலேயே சுட்டுக் கொடுத்தார்கள். தேங்காய்ப்பாலில் நண்டு, எலுமிச்சை பிழிந்த இறால், இலையில் பொதிந்து வேகவைத்த கணவாய் என்று ஒவ்வொரு வேளையும் அமர்க்களப்பட்டது. மனைவி ஒரு வாய் எடுத்துவிட்டு, மெல்லக்கூட மறந்து இவர் முகத்தையே பார்ப்பாள்.

"ஏதாவது தெரியுதாங்க?"

"லேசா ஏதோ இருக்கற மாதிரி இருக்கு."

பச்சைப் பொய். இருந்தாலும் அந்தப் பொய்க்கு அவள் முகம் மலர்வதைப் பார்த்தால் உண்மையைச் சொல்ல மனம் வராது.

வெறும் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தது காய்ச்சல் விட்ட புதிதில்தான். அதற்கப்புறம் தைரியம் வரவில்லை. குழம்பில் ருசி தெரியாவிட்டால் குழம்பின் மேல் பழி போடலாம். கடலின் மேல் யார் பழி போடுவது? அதுவும் தெரியவில்லை என்றால் இனிக் காத்திருக்கவே வேண்டியதில்லை. அதனால்தான் மனிதர் கோர்ட்டில் கேஸ் இருப்பவர் மாதிரி கடலிடம் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தார்.

ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் மனைவி விடவில்லை. படகுக்காரரிடம் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டாள். "இவ்வளவு தூரம் வந்து மீன் பார்க்காம போனா ஊர்ல என் மானம் போயிடும்" என்றாள். லைஃப் ஜாக்கெட்டை அவளே மாட்டிவிட்டாள். தொப்பை மேல் வார் எட்டாமல் படகே சிரித்தது.

குப்புற விழுந்ததும் மாஸ்டர் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துதான் போனார். கண்ணுக்கு நேர் கீழே மஞ்சளும் நீலமுமாக மீன்கள் கல்யாண வீட்டுக் கூட்டம் போல அலைந்தன. பவளப்பாறை இடுக்கிலிருந்து ஒரு கிழட்டு மீன் எட்டிப் பார்த்து, இவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் உள்ளே போயிற்று. புத்தி எங்கே போகும்? இது வறுவலுக்கு ஆகும், அது முள் ஜாஸ்தி, குழம்புக்குத்தான் என்று மனம் தன்பாட்டுக்குப் பிரித்துப் போட்டது. அந்த நினைப்பு வந்ததும், நாக்கு உண்டா இல்லையா என்று இப்போதே தெரிந்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. முகத்தைத் தூக்காமலே குழாயைத் துப்பிவிட்டு வாயைத் திறந்தார்.

கடல் உள்ளே வந்தது. வெதுவெதுப்பு தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. சரியாகப் படவில்லையோ என்று நாக்கைச் சுழற்றினார். இன்னொரு வாய் எடுத்தார். வெறும் தண்ணீர். அத்தனை பெரிய கடலும் அவர் வாய்க்குள் வந்ததும் சப்பென்று ஆகிவிட்டது. ஆத்திரத்தில் மடக் மடக்கென்று விழுங்கினார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. படகுக்காரர் ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்துப் படகில் போடுகிற வரை விழுங்கிக்கொண்டே இருந்தார்.

படகின் விளிம்பில் தொங்கியபடி வாந்தி எடுத்தார். முதுகைத் தடவிக்கொண்டிருந்த மனைவியின் கை திடீரென்று நின்றது.

"என்னங்க... குமட்டிடுச்சா? அவ்வளவு உப்பா? உப்பு தெரிஞ்சுதா உங்களுக்கு?"

வாந்திக்குக் காரணம் வயிறு; நாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதை எப்படிச் சொல்வது? அவள் கண்ணில் அதற்குள் தண்ணீர் கட்டியிருந்தது.

"உப்பும்மா" என்றார். "சரியான உப்பு."

படகு என்றுகூடப் பார்க்காமல் அவள் ஓவென்று அழுதாள். கரை தட்டியதும் முதல் வேலையாக முதலாளிக்கு போன் போட்டாள். "ஐயா, வந்துடுச்சு! நாளன்னைக்கே மாஸ்டர் அடுப்புல நிப்பாருங்க!" மாஸ்டர் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

சாப்பாடு படகுக்காரரின் அக்கா கடையில். கீற்றுக் கொட்டகை, நாலு பெஞ்சு. அடுப்பில் ஒரு பெரிய சட்டி மீன் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவர் யார், எந்தக் கடை, எத்தனை பேருக்குச் சமைத்தவர் என்று கடைக்கார அம்மாவிடம் ஒரு மூச்சு பாடித் தீர்த்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்று அந்த அம்மா மூக்கை உறிஞ்சினாள். "எனக்குக் காலையிலேர்ந்து ஜலதோஷம், நாக்கு செத்துப் போச்சு. நாளைக்குச் சரியாயிடும். நீங்கதான் உப்புப் பார்த்துச் சொல்லணும் மாஸ்டர்."

கரண்டி நீண்டது. மனைவி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வழக்கம்போல உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நக்கினார். சூடு மட்டும் தெரிந்தது. சரியாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கண் என்ற ஒன்று இருக்கிறதே. சற்று முன் அந்த அம்மா சட்டியில் விரல் நுனியால் கிள்ளிப் போட்ட உப்பை அது பார்த்திருந்தது. இந்தச் சட்டிக்கு அது எந்த மூலைக்கு?

"பத்தலை. இன்னும் ஒரு கை போடுங்க."

விடிகாலையிலிருந்தே மீனை உப்புப் போட்டு ஊறவைத்திருந்தது அவருக்குத் தெரியாது. நாக்கு உள்ள சின்னக் குழந்தைகூட அந்தக் குழம்பில் உப்பு போதும் என்று சொல்லியிருக்கும்.

பெஞ்சில் முதல் ஆள் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அடுத்தவர் எழுந்து போய் வெளியே துப்பினார். படகுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, "என்னக்கா இது, வாயில வைக்க முடியல?" என்றார். கடைக்கார அம்மா ஒன்றும் புரியாமல் மாஸ்டரைப் பார்த்தாள்.

அவர் மனைவி அப்போதுதான் முதல் கவளத்தை வாயில் வைத்திருந்தாள். தாடை ஒரு கணம் நின்றது. தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு மென்று விழுங்கினாள். அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுல உப்பு கொஞ்சம் தூக்கலாத்தான் போடுவோம்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

மாஸ்டர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "போதும்மா. எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், இன்னொரு கவளம் எடுத்தாள். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் கவளம். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. தட்டு காலியாகிற வரை அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"படகுலயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் கடைசியில், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தாள்.

"முதலாளிகிட்ட நானே பேசிக்கறேன். நீங்க வெளியில போய் உட்காருங்க."