பலகை சைபர் ஆகக் கூடாது

முபாங்காவின் சவப்பெட்டியை இறக்கவிடாமல் ஜேரே குழிக்குள் குதித்துப் படுத்துக்கொண்டான். லோம்பேயின் அம்மா அழுகையை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். யாரும் அதட்டவில்லை. முபாங்கா பெம்பா இனம், ஜேரே ங்கோனி இனம்; பெம்பாக்காரன் சாவில் ங்கோனிக்காரன் என்ன கேலி செய்தாலும் கோபப்படக் கூடாது என்பது இரண்டு இனத்துக்கும் பழைய வழக்கம். கோபப்பட்டவன்தான் அபராதம் கட்ட வேண்டும்.

சுரங்கத்தின் பாதுகாப்பு அதிகாரி சிச்சோனே அப்போதுதான் பேசி முடித்திருந்தார். "முபாங்கா பாதுகாப்பின் திருவுருவம். பணியில் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை." சுரங்க வாசலில் விபத்தில்லாத நாட்களை எண்ணும் பலகை அவர் வைத்ததுதான். எண்ணிக்கை அறாதவரை எல்லாருக்கும் மாவு மூட்டை இனாம். பலகைக்குக் கூரை உண்டு. ஆட்கள் சாப்பிடும் இடத்துக்குக் கிடையாது.

அப்பா முபாங்காவின் முதுகு சுரங்கத்தில் ஒடிந்ததை லோம்பே தாமதமாகச் சொன்னதாக நஷ்டஈட்டு அலுவலகம் மனுவைத் திருப்பியிருந்தது. விழுந்த அன்றே கம்பெனியில் யாருக்காவது தெரியும் என்று காட்டினால் கெடுவை நீட்டலாமாம். இல்லையென்றால் அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் ஒன்றுமில்லை. அப்பாவோடு வேலை செய்த ஜேரேயிடம் லோம்பே கெஞ்சிப் பார்த்தாள். "நான் வாயைத் தொறந்தா வேலை போயிடும், மகளே" என்றிருந்தான்.

இப்போது அவன் குழிக்குள்ளிருந்து கத்தினான். "குரங்கு தின்னிப் பயலே! ஏணியிலேர்ந்து வழுக்கி விழுந்த குரங்கை யாராச்சும் பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன்! சுரங்கத்துக்குள்ள மல்லாந்து கெடந்துக்கிட்டு, 'சொல்லிடாதடா, பலகை சைபர் ஆயிடும், எல்லாருக்கும் மாவு மூட்டை போயிடும்'னுச்சு!"

கூட்டம் குலுங்கியது. எழுந்த சிரிப்பில் பங்கு கேட்காமல் இருப்பது சிச்சோனேயின் வழக்கமில்லை.

"அட, நீ என்னத்தக் கண்ட? அன்னிக்கே என் வண்டியிலதானய்யா வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன்! வழியெல்லாம் 'சார், பலகை, சார், பலகை'ன்னான். 'வீட்ல வழுக்கினேன்னு சொல்லிக்கோ'ன்னு நான்தான் சொல்லிக்குடுத்தேன்!"

பாதிரியார் சிரிப்பை நிறுத்தினார். பின்பு தொழிற்சங்கத்தார், பின்பு பெண்கள். சிச்சோனே மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கூலி குடுத்தாத்தான் மேல வருவேன்" என்றான் ஜேரே, கேலிக்காரனின் வழக்கப்படி, ஆனால் தாழ்ந்த குரலில்.

லோம்பே குழியோரம் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். அவன் பிடித்து ஏறி வந்தான். விரல்களில் ஈரச் செம்மண் அப்பியிருந்தது. பெட்டி இறங்கி முடியும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை.