சோற்றுப் பானையில் குடியேறியது

தட்டில் விழுந்த சோற்றைப் பார்த்ததும் சூப்பர்வைசருக்குக் குமட்டியது. சோற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பூப்போல வெந்து ஆவி பறந்தது. ஆனால் அதன் நடுவே ஒரு கரப்பான் பூச்சி மல்லாந்து, கால்களை எட்டுத் திசையும் பரப்பி, வயிற்றிலிருந்து எதையோ வெள்ளையாகக் கசியவிட்டுக்கொண்டு கிடந்தது. அது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். தெரிய வைப்பதற்கென்றே தொழிற்சாலை ஒரு நிபுணரை வரவழைத்திருந்தது.

"இன்னைக்கும் பசிக்கலையா?" மனைவி கரண்டியோடு நின்றாள். "கேன்டீன்ல ரொட்டியை அமுக்கு அமுக்குன்னு அமுக்குறீங்கன்னு உங்க ஃபிட்டர் சொல்றாரு. இத்தனை வருஷம் இறங்கின சோறு இப்ப ஏன் இறங்கல? என் சமையல் அலுத்துப் போச்சா, நானே அலுத்துப் போயிட்டேனா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்.

தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து பழைய இயந்திரங்கள் வந்திருந்தன. பொத்தான் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கான்ஜி, அதாவது படம் போட்ட மாதிரி ஒரு ஜப்பானிய எழுத்து. அந்த மொழி தெரிந்தவர் ஒருவரை வைத்துத் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அரை நாளில் வேலை முடிந்திருக்கும். மேனேஜருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "ஞாபகச் சக்கரவர்த்தி"யைக் கூப்பிட்டார். பட்டத்தைக் கொடுத்தது வேறு யாருமில்லை, சக்கரவர்த்தியேதான். பேனரில் அவர் கைகட்டி நிற்க, தலைக்குப் பின்னால் மூளை ஒன்று பல்பு போல எரிந்தது. பத்துப் பேர் உட்கார்ந்த அறையில் காலர் மைக் மாட்டிக்கொண்டு முழங்கினார்.

"மூளைக்கு அழகு பிடிக்காது. அசிங்கம்தான் பிடிக்கும்! ஒவ்வொரு எழுத்தையும் ஒரு அருவருப்பா மாத்துங்க. அதைக் கொண்டுபோய் உங்க வீட்ல ஒரு இடத்துல வைங்க. சாகுற வரைக்கும் மறக்காது!"

ஆளுக்கு ஓர் அட்டைக் கட்டு கொடுத்தார்கள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் பொருள். முதல் அட்டை, அரிசி.

"சார், மெஷின்ல அரிசின்னு பட்டன் எதுவும் இல்லையே?" என்றார் சூப்பர்வைசர்.

"அஸ்திவாரம்!" என்றார் சக்கரவர்த்தி கண்ணை மூடிக்கொண்டு. மேனேஜர் கைதட்டினார்.

மற்றவர்கள் அட்டையை ஆடுகிற மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ரகம். அரிசி எழுத்து, கூட்டல் குறியின் நான்கு மூலையிலும் சின்னச் சின்னக் கோடு. கரப்பானாக்கிச் சோற்றுப் பானையில் வைத்தார். தண்ணீர் எழுத்து, நட்டுவைத்த கோட்டின் இருபுறமும் சிதறல். சாக்கடை அடைப்பிலிருந்து இழுத்த மயிர்ப் பந்தாக்கிக் குடிநீர்க் கூஜாவில் வைத்தார். இறைச்சி எழுத்து, அடி இல்லாத பெட்டிக்குள் அடைபட்ட இரண்டு பேர். புழுத்துப்போனவர்களாக்கிச் சாப்பாட்டு மேசையின் ஓர நாற்காலியில் உட்கார வைத்தார். சக்கரவர்த்தி சொன்னது பொய்யில்லை. எதுவும் மறக்கவில்லை. ஆனால் வீட்டில் குந்துவதற்கு ஓர் இடமில்லாமல் போனது.

சக்கரவர்த்திக்கே போன் செய்து, இதையெல்லாம் எடுப்பது எப்படி என்று கேட்டார்.

"எடுக்கிறதா? மறக்கிறது தனி கோர்ஸ் சார். அட்வான்ஸ் லெவல்."

வேறு வழியில்லாமல் அன்று மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கூஜாவை ஒரு தடவை பார்த்தாள், அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"என் மேல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"சீச்சீ! உன் மேல எதுவும் இல்ல."

"வைக்கிற உத்தேசம்?"

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "மனைவிங்கிற எழுத்து அடுத்த வாரம்தான் வருது."

"வராது," என்றாள். "அந்த ஆளை நாளைக்குச் சாப்பிடக் கூப்பிடுங்க."

சக்கரவர்த்தி வந்தார். நேராகப் போய் ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தச் சோற்றை அள்ளி அள்ளி, வாயை மூடாமல் மென்று, கரண்டியின் முதுகையும் நக்கி, "ஃபென்டாஸ்டிக் சிஸ்டர்!" என்றார் சக்கரவர்த்தி. ஒரு பருக்கை பறந்து வந்து உப்புக் கிண்ணத்தில் விழுந்தது.

"எல்லாம் உங்க பாடம்தான் சார்," என்றாள் மனைவி, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டே. "என்னங்க, எவ்வளவு படிச்சிருக்கீங்கன்னு சார்கிட்ட சொல்லுங்க. பானையிலிருந்து ஆரம்பிங்க."

சூப்பர்வைசர் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். காலின் முள் முள்ளாக, கசிவின் பிசுபிசுப்போடு சொன்னார்.

"பிரமாதம்," என்றார் சக்கரவர்த்தி. மெல்வது மட்டும் மெதுவானது. சமாளிக்கத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அதுல மயிர்ப் பந்து சார். சோப்பு நுரையும் சளியும் சேர்ந்து, இழுக்க இழுக்க வருது."

தம்ளர் மேசைக்கு இறங்கியது.

"நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல ரெண்டு பேர். நேத்து வரைக்கும் முகம் இருந்துச்சு."

சக்கரவர்த்தி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. வாஷ்பேசினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் எழுப்பிய ஓசை, மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்டது. பிறகு மூக்கில் ஒட்டிய பருக்கையோடு, "ஒரு ஆன்லைன் கிளாஸ் இருக்கு," என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார்.

சூப்பர்வைசர் பானைக்குள் எட்டிப் பார்த்தார். கரண்டியால் கிளறியும் பார்த்தார். கரப்பானைக் காணவில்லை. கூஜாவில் தண்ணீர்தான் இருந்தது. வீட்டிலிருந்த அசிங்கமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வாஷ்பேசின் பக்கம் போய், அந்த ஒற்றைப் பருக்கை மூக்கோடு ஐக்கியமாகிவிட்டது போலிருந்தது.

உட்கார்ந்தார். சாப்பிட்டார். மனைவி முதல் அட்டையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். கூட்டல் குறி, நான்கு மூலையில் நான்கு கோடு. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு. தெரியலையே," என்றார். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."

கை கழுவ மட்டும் இருவரும் வாஷ்பேசினை விட்டுவிட்டு வாசல் குழாய்க்குப் போனார்கள்.