மாரியாத்தாள் எழுந்துபோக மாட்டேன் என்கிறாள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பீளமேட்டில், எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது. மாடி போர்ஷனில் குடியிருக்கும் யாஸ்மின், ஈரத் துப்பட்டாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். மனநோயில் குற்றம் செய்துவிட்டவர்களையும் குடியை விடத் தவிக்கிறவர்களையும் பார்க்கிற சமூகப் பணியாளர் அவள். வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். அன்று இவ்வளவுதான் சொன்னாள்:

"ஒரு ஊட்டுல கேக்க வேண்டியதைத் தப்பான மாதிரி கேட்டுப்போட்டு வந்துட்டனுங்கம்மா. பயமா இருக்குது."

மிச்சமெல்லாம் நான் கட்டியது. பேர், ஊர், எல்லாம். (யாஸ்மின் என்பதும் அவள் பேர் இல்லை. தேடாதீர்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: மாசாணத்தின் கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன, கையிலிருந்த அரிவாள்

வேண்டாம். இப்போதே அவனை வெறுத்துவிடுவீர்கள்.

சரி, இப்படி: பல்லடத்தில் தறி ஓட்டியவன் மாசாணம். குடி முற்றி, காதில் யாரோ பேசுவது கேட்டு, மனைவி இளவேனிலைத் தோளில் வெட்டினான். கோர்ட்டுக்குப் பிறகு பூட்டிய வார்டில் சிகிச்சை. இப்போது குடியும் இல்லை, குரலும் இல்லை. யாஸ்மினைப் பார்க்கும்போதெல்லாம், "அவளுக்குத் தோளு இன்னும் வலிக்குதுங்களா மேடம்?" என்கிறான்.

இதை எழுதும்போதே எனக்கு அவன்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம்.

3

அவனை வீட்டுக்கு அனுப்பலாமா என்று யாஸ்மின் எழுதித் தர வேண்டும். அதற்காகப் பல்லடம் போனாள். அவன் தாய் மாரியாத்தாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க அம்மணி! இந்த வெயில்லயா வருவீங்க? மோரு குடிங்க."

"இளவேனிலுகிட்டத் தனியா பேசோணுங்க."

"பேசுங்க, பேசுங்க. ஊட்டுக்கு வந்தவிங்களை உட்டுப்போட்டு நான் எங்க போறது? மரியாதையா இருக்குமுங்களா?" நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தனியாகத்தான் கேட்க வேண்டும். யாஸ்மினுக்குத் தெரியாததா? ஆனாலும் மோரைக் குடித்துவிட்டு, வீட்டுக்காரியை எழுந்து போகச் சொல்ல நாக்கு வரவில்லை. அங்கேயே கேட்டுவிட்டாள்.

"அவர் வந்தா உங்களுக்குச் சம்மதமுங்களா?"

"வரட்டுங்க," என்றாள் இளவேனில்.

"கேட்டீங்கள்ல? புருசனை எவ வேண்டாம்பா?" என்று சிரித்தாள் மாமியார்.

பிறகு இளவேனில் தட்டில் கொய்யா கொண்டுவந்தாள். அம்மியில் வைத்து உடைத்த துண்டுகள்.

"கத்தி இல்லீங்களா?"

"இந்த ஊட்டுல வெக்கறதில்லீங்க. காயெல்லாம் பக்கத்தூட்டுல அரிஞ்சுட்டு வந்துருவனுங்க."

பஸ் நகர்ந்த பிறகுதான் யாஸ்மினுக்கு உறைத்தது. அவன் அந்த வீட்டில் இல்லாமலேயே வருடங்கள் ஆகிவிட்டன.

4

முடிவு ஒன்று. 'சம்மதம்' என்று எழுதுகிறாள். அவன் வருகிறான். செருப்பைக் கழற்றுகிறான். சமையலறையில் இளவேனில் திரும்பாமலேயே

(நிறுத்திவிட்டேன். எழுந்துபோய் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வந்தேன்.)

முடிவு இரண்டு. 'அனுப்பக் கூடாது' என்று எழுதுகிறாள். குணமானவன் பூட்டுக்குள்ளேயே கிடந்து அந்தத் தோளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இளவேனிலை இப்போதும் யாரும் கேட்கவில்லை.

இரண்டையும் அழித்தேன். யாஸ்மினை மறுபடியும் பல்லடம் அனுப்பினேன்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா," என்று இந்தத் தடவை சொல்லியே விட்டாள்.

"எம்பட பையன் உசுரைப் பத்திப் பேசறீங்க. நான் எந்திரிப்பனுங்களா?"

பொல்லாதவள் இல்லை. அவளுக்கு அவள் பயம். பக்கத்து வீட்டுக்காரியை விட்டு அவளைக் கூப்பிட வைத்தேன், "அப்பறம் வாரேன்" என்றாள். போன் அடிக்க வைத்தேன், உட்கார்ந்தபடியே பேசினாள். இளவேனில் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் சொல்லப்போவதை நான் எழுதினால், அவளுக்காகப் பதில் சொல்பவர்களில் நானும் ஒருத்தி ஆகிவிடுவேன்.

அதனால் நீங்கள் வாருங்கள். வாசலில் நின்று, "ஏனுங்க, ஊட்டுல யாருங்க?" என்று ஒரு குரல் கொடுங்கள். வந்தவர்களை வெயிலில் நிற்க விடுகிறவள் இல்லை மாரியாத்தாள். எழுந்து வருவாள். தண்ணீர் கேளுங்கள். வழி கேளுங்கள். அவள் மகனைப் பற்றிக் கேளுங்கள், அழுவாள், அழ விடுங்கள். உள்ளே பேசி முடியும்வரை அவளைத் திரும்ப விடாதீர்கள்.