உடனடி ஆபத்து

மருத்துவமனைக் கடிதத்தை அரசு வக்கீல் இரண்டாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசை பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். நோயாளியின் நிலை சீராக உள்ளது. காய்ச்சல் லேசாக இருக்கிறது. கருவின் இதயத்துடிப்பு கேட்கிறது. கடிதத்தின் தேதி நேற்று, நேரம் மாலை ஐந்து மணி.

நோயாளி அவன் தங்கை. முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவள் பெயர் வாலுதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. பெரிய பெரிய அதிகாரிகளையெல்லாம் பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு அதட்டுவாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஸ்டியரிங்கைப் பிடித்தாலே அவனுக்குக் கை நடுங்கும். "நீ மேலயும் கீழயும் போறதோட நிறுத்திக்கண்ணே, நேரா போறதெல்லாம் உனக்கு வராது" என்பாள்.

ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. பதினெட்டாவது வாரத்தில், ஐந்து நாளைக்கு முன்பு, பனிக்குடம் உடைந்துவிட்டது. பிள்ளை தங்காது என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். இப்போதே எடுத்துவிட்டால் தாய்க்கு ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். ஆனால் துடிப்பு இருக்கும்வரை கருவைக் கலைக்கக் கூடாதென்பது இரண்டு வருடம் முன்பு வந்த புதுச் சட்டம். தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. எது உடனடி என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. போன வருடம் வேறோர் ஊரில் ஒரு டாக்டர் இதே விஷயத்துக்காகச் சிறைக்குப் போயிருந்தார். கோர்ட் உத்தரவு கொண்டுவாருங்கள், அடுத்த நிமிடம் செய்கிறோம் என்றது நிர்வாகம்.

வாலு இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வக்கீலம்மாவை வரச்சொன்னாள். மனுவைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் தானே கையெழுத்துப் போட்டாள். இன்று காலை அண்ணன் கிளம்பியபோது அவளுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. இரண்டு போர்வை போர்த்தியும் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அதற்கு நடுவிலும், "அங்க போய்ப் பேந்தப் பேந்த முழிக்காத. கேட்டா பதில் சொல்லு" என்றாள்.

நீதிபதி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். வயதானவர், குரலை உயர்த்தாதவர். "இந்த நிமிஷம் அந்தப் பொண்ணு உயிருக்கு ஆபத்து இருக்கா, இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்" என்றார்.

அது நேற்றைய கடிதம் என்றார் வக்கீலம்மா. அண்ணன் இங்கேயே இருக்கிறார், வெளியே போய் போன் பண்ணிக் கேட்டுவரட்டும் என்றார். நீதிபதி ஐந்து நிமிடம் கொடுத்தார்.

வாசலில் காவலர் சொன்னபடி அணைத்து வைத்திருந்த போனை அண்ணன் வராந்தாவில் நின்று உயிர்ப்பித்தான். கையில் அது நிற்காமல் அதிர்ந்தது. பதினான்கு அழைப்புகள். எல்லாம் ஆஸ்பத்திரியில் வாலுவோடு இருந்த மாப்பிள்ளையிடமிருந்து. கூப்பிட்டான். எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"மச்சான், போயிட்டா."

"எங்க? ஆபரேஷன் தியேட்டருக்கா?"

மாப்பிள்ளையின் பின்னால் யாரோ சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அண்ணனுக்குப் புரிந்தது.

மாப்பிள்ளை துண்டு துண்டாகச் சொன்னான். பத்து மணிக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. பத்தேகாலுக்குப் பிள்ளையின் துடிப்பு நின்றது. உடனே எல்லோரும் ஓடினார்கள். ரத்தமெல்லாம் விஷமாகிவிட்டதாம். பத்து ஐம்பதுக்கு முடிந்துவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது. ஏன் படியிறங்கி ஓடாமல் திரும்பவும் உள்ளே போனான் என்று பிற்பாடு யோசித்தால் அவனுக்கே தெரியவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மண்டைக்குள் நின்றது.

"பேசினீங்களா?" என்றார் நீதிபதி.

அண்ணன் எழுந்து நின்றான். "ஆபத்து இல்லீங்க" என்றான்.

அரசு வக்கீல் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். வக்கீலம்மா சடாரென்று திரும்பிப் பார்த்தார்.

"இறந்துட்டா. பத்து அம்பதுக்கு."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, மனு பயனற்றதாகிவிட்டதால் முடித்துவைக்கப்படுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வக்கீலம்மா குறுக்கிட்டார். நாளைக்கு இன்னொருத்தி இதே கட்டிலில் படுத்திருப்பாள், குடும்பத்தில் ஒருவர் மனுதாரராகச் சேர்ந்தால் வழக்கை நடத்தலாம் என்றார். சரி, நான்கு மணிக்குள் கணவர் எழுதிக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் முடித்துவிடுவேன் என்று நீதிபதி எழுந்தார்.

மருத்துவமனை இரண்டு தெரு தள்ளித்தான். வக்கீலம்மாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனான். வாலுவின் முகம்வரை வெள்ளைத்துணி இழுத்து விடப்பட்டிருந்தது. விலக்கிப் பார்த்தான். காலையில் போர்த்தியிருந்த இரண்டு போர்வையையும் எடுத்துப் போர்த்த வேண்டும்போல இருந்தது. சுவரோரமாக நின்ற டாக்டரம்மா யாரையும் பார்க்காமல், "நேத்தே பண்ணியிருக்கணும்" என்றார். பிறகு அதையே மறுபடியும் சொன்னார். திட்டத்தான் அண்ணன் வாயைத் திறந்தான். அந்த அம்மாள் இன்னும் கையுறையைக் கழற்றாமலே நிற்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

மாப்பிள்ளை வெளியே நாற்காலியில் இருந்தான். அழவில்லை. வக்கீலம்மா அவனருகில் குனிந்து, மனுதாரராகச் சேர அவன் எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னார். "விட்ருங்க மேடம்" என்றான். "அவ பேரை இழுத்துப் பேப்பர்ல போட்டு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. போதும்." அவர் வற்புறுத்தவில்லை. மூன்றரை வரை கீழே நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை சொன்னதை ஆமோதிக்கவும் அண்ணனால் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

உடலை வாங்க முதல் மாடி அலுவலகத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. எழுத்தர் பொறுமையான மனிதர். பெயர், வயது, முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எங்கே எழுதுவதென்று விரலால் காட்டினார். அண்ணன் எழுதினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை திடீரென்று கேட்டான்.

"குழந்தைக்கு?"

எழுத்தர் நிமிர்ந்தார். "எத்தனை வாரங்க?"

"பதினெட்டு."

"இருபதுக்குக் கீழன்னா பதிவு கிடையாதுங்க. அம்மாவுக்கு மட்டும்தான்."

"வேற தாள்ல?"

"எதுலயும் வராதுங்க. அப்படி ஒருத்தர் இருந்ததா கணக்கே இல்ல."

மாப்பிள்ளை படிவத்தைத் தன் பக்கம் இழுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தான். திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தையும் பார்த்தான். "அஞ்சு நாளா சட்டத்துக்கு மட்டும் இருந்துச்சே" என்றான், எழுத்தரிடம் சந்தேகம் கேட்பதுபோல. எழுத்தர் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"மணி என்ன மச்சான்?"

"மூணு பத்து."

மாப்பிள்ளை எழுந்து போனான். அவன் படியிறங்கும் சத்தம் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் கேட்டது. முத்திரை குத்தும் வரைக்கும் உட்காரும்படி எழுத்தர் சொன்னார். அண்ணன் உட்காரவில்லை. ஜன்னலருகே போய் நின்றான்.

மழை பிடித்திருந்தது. கீழே வக்கீலம்மாவின் ஸ்கூட்டர் சீட்டின்மேல் காகிதத்தை வைத்துக் குனிந்து மாப்பிள்ளை எழுதிக்கொண்டிருந்தான். ஒரு குடைதான் இருந்தது. அதை அந்த அம்மாள் தன் தலைக்கும் பிடிக்கவில்லை, அவன் தலைக்கும் பிடிக்கவில்லை. காகிதத்துக்குமேல் பிடித்திருந்தார்.